மூன்று நிமிடத்தில் எல்லோரும் கீழே

அத்தியாயம் 17

அந்த வேலைநீக்கக் கடிதத்தில் இந்துமதி திங்கட்கிழமை காலையிலும் கையெழுத்துப் போடவில்லை.

மகுடேஸ்வரன் தோசையைப் பிய்த்தபடியே கடிதத்தை மனைவி பக்கம் தள்ளினார்.

"நர்சிங் சூப்பிரண்டு நீதான் போடோணும். போட்டீன்னா நாலு மணி மீட்டிங்ல விசயத்தை முடிச்சுப்போடலாம்."

"அந்தப் புள்ள மேல என்ன தப்புங்க?"

"என்ன தப்பா? பேஷண்ட்டை மெஷின்ல விட்டுப்போட்டு ஓடிப்போச்சு. அவர் பையன் ஒரு முழுப் பக்கத்துக்கு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுத்திருக்கறான்."

"திரும்பி வந்துச்சுங்களே."

"அதும் தப்புதான். வெளிய போனவிய மறுக்கா உள்ள வரக்கூடாதுன்னு ப்ளான்ல இருக்குது."

இந்துமதி தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போனதும் தப்பு, வந்ததும் தப்புன்னா அந்தப் புள்ள எங்கதாங்க நிக்கோணும்? படியிலயா?"

மகுடேஸ்வரன் கை கழுவப் போனார்.

அவருக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் வந்து குறை சொன்னால், யாராவது ஒருவரை வேலையை விட்டு நிறுத்தி, ஃபைலில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார். இருபது வருடப் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு டாக்டர்களோடு கூட்டுச் சேர்ந்து மண்ணரைப் பக்கம் மகிழம்பூ மருத்துவமனையைக் கட்டியபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இதுதான். இரண்டாவது மாடி டயாலிசிஸ் அறையில் ஏசி புகைந்தது. சைரன் அடித்தது. மெஷினில் இருந்தவர் சாமியப்பன் என்கிற அறுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர்தான். அறையில் இருந்தது நர்ஸ் அனுப்ரியா. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். சுவரில் ஒட்டியிருந்த ப்ளான்படி அவள் மெஷினை நிறுத்தினாள், படியிறங்கினாள், வாசலில் போய் எண்ணிக்கைக்கு நின்றாள்.

நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மெஷின் நின்றால் குழாயில் இருக்கிற ரத்தம் கட்டிப்போகும். தடுத்த செக்யூரிட்டியின் கையை உதறிவிட்டு மேலே ஓடினாள். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, மெஷினின் கைப்பிடியைக் கையாலேயே சுற்றிச் சுற்றி அந்த ரத்தத்தை அவர் உடம்புக்குத் திருப்பி அனுப்பினாள்.

சாமியப்பன் புகைக்குள் தனியாகக் கிடந்தது நாலு நிமிடம். பிழைத்துக்கொண்டார்.

இப்போது அந்த நாலு நிமிடத்துக்காக அனுப்ரியாவை அனுப்பப் பார்க்கிறார்கள். 'நோயாளியைக் கைவிட்டு ஓடியவர்' என்று எழுதிய கடிதத்தோடு வெளியே போனால் திருப்பூரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

இந்துமதி கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நாலு மணிக்குத்தானுங்களே மீட்டிங்? அதுவரைக்கும் என்ற கையெழுத்து என்ற கையிலயே இருக்கட்டும்."

* * *

வாசலிலேயே அனுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். யூனிஃபார்ம் போடவில்லை. போடலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லையாம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மேடம், நான் விட்டுப்போட்டுப் போனது நெசம்தானுங்க. என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

"அழுகறதுக்கு இன்னிக்கு டைம் இல்ல கண்ணு. வெள்ளிக்கிழமை சைரன் அடிச்சதுல இருந்து நீ என்னென்ன செஞ்சயோ, வரிசையா ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. உன்னையத் திட்டிக்காம எழுது. நடந்ததை மட்டும் எழுது."

"அது எதுக்குங்க மேடம்?"

"எங்க ஓட்டைன்னு தெரியாம எங்க போயி அடைக்கறது? போ, யூனிஃபார்ம் போட்டுக்க."

இந்துமதி இட்லித் தூக்குப்போசியோடு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். அறை எண் 204-ல் அவள் கொழுந்தன் சதீஷ்குமார் படுத்திருந்தான். பத்து நாளைக்கு முன்னால் பைக் சறுக்கி வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுக்கு மேலே தொடையில் காயம் ஆறாததால் இன்னும் வீட்டுக்கு விடவில்லை. டெங்கு சீசன் என்பதால் தனி அறை கிடைக்காமல் இரண்டு கட்டில் அறையில் கிடந்தான்.

சதீஷ்தான் அண்ணன் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். தீ எச்சரிக்கை, அவசர வழி, மஞ்சள் கோடு எல்லாம் அவன் பொறுப்பு. இந்த ஆஸ்பத்திரிக்கும் ப்ளான் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். வெள்ளிக்கிழமை சைரன் அடித்தபோது அவனைக் கீழே எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதனால் மேலே நடந்தது எதையும் அவன் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சாமியப்பன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். சனிக்கிழமை அவரை இந்த அறைக்கு மாற்றியவள் இந்துமதிதான். இடம் இல்லாததும் ஒரு காரணம்.

"அண்ணி, அந்த நர்ஸ் புள்ளைய அனுப்பியாச்சுங்களா?" சதீஷ் இட்லிக்குக் கை நீட்டினான்.

"ஏன், உங்களுக்கு அவசரமா?"

"அதில்லீங்க. ப்ளான்ல தப்பு இல்லைன்னு தெரிஞ்சாப் போதும். ஆறு நாட்டுப் பையர் பாத்து ஓகே பண்ணுன ப்ளானுங்க அது. எங்க கம்பெனில அறுநூறு பேர் ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுல வெளிய வந்து நின்னாங்க. பீகார்ப் பசங்களே, ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவிய, மளார்னு வந்து வரிசையா நின்னுட்டாங்க."

"உங்க கம்பெனில ஆருக்காவது மூக்குல குழாய் சொருகியிருக்குதுங்களா தம்பி?"

பக்கத்துக் கட்டிலில் இருந்து கொர்ரென்று ஒரு சிரிப்பு வந்தது. சதீஷ் முறைத்தான்.

"சும்மா பேசாதீங்கண்ணி. அந்தப் புள்ள பயந்துருச்சு. அவ்வளவுதான்."

"சரி. அப்ப உங்க ப்ளானையே இன்னிக்கு ஒருக்கா நடத்திப் பாத்தரலாம். ஒரு எழுத்து மாத்தாம."

"தாராளமா. எத்தனை மணிக்குங்க?"

"சொல்லிப்போட்டு வர்றதுக்குத் தீ என்ன விருந்துக்கு வர்ற ஒறம்பரையா?"

அவள் வெளியே போய் வேலையை ஆரம்பித்தாள். முதலில் டூட்டி டாக்டரிடம் அனுமதி வாங்கினாள். ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரும் இதில் சேராது என்று எழுதி வைத்தாள். மாடியில் இருந்த ஒன்பது நோயாளிகளில் எட்டுப் பேரிடம், கூட இருந்தவர்களிடம், ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். இது ஒத்திகை, பயப்பட வேண்டாம், ஆள் பக்கத்திலேயே இருக்கும் என்று. சீனியர் நர்ஸ் நிர்மலாவைத் துணி வைக்கும் அறைக்குள் கடிகாரத்தோடு உட்கார வைத்தாள். 204-க்கு அடுத்த கதவு. யாராவது இருமினால்கூடக் கேட்கும்.

சாமியப்பனை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது அவரிடமும் சொன்னாள்.

"உங்களுக்குச் சிரமம்னா வேண்டாமுங்க ஐயா. வெள்ளிக்கிழமைதான் அத்தனை பட்டுருக்கறீங்க."

"நடத்து சாமி" என்றார் அவர். "அந்தப் புள்ளைக்காகன்னா நான் இன்னொருக்காக்கூடக் கெடப்பேன்."

சொல்லாமல் விட்டது ஒரே ஒருவனிடம்தான்.

* * *

பதினொன்றரைக்குச் சைரன் அடித்தது.

சதீஷ் அரைத்தூக்கத்தில் இருந்தான். கண்ணைத் திறந்தபோது நர்ஸ் ஒருத்தி அறை வாசலில் நின்று, ட்ரிப்ஸ் மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, "சார், சைரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா! ஏய்! எங்க போறே?"

"கீழங்க சார். ப்ளான்படி."

காரிடாரில் காலடிச் சத்தம் தடதடவென்று படிப் பக்கம் போனது. ஒரு கதவு சாத்தியது. பிறகு சைரனும் நின்றது.

அத்தனை அமைதியான ஆஸ்பத்திரியை சதீஷ் பார்த்ததில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ட்ரில்லுங்க. பயப்படாதீங்க" என்றான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து.

"நான் பயப்படலீங்க தம்பி" என்றார் சாமியப்பன். "எனக்குப் பழக்கமாயிருச்சு."

சதீஷ் மணியைப் பார்த்தான். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இந்நேரம் கீழே மாமரத்தடியில் வரிசையாக நின்று எண்ணிக்கை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனியில் அவன் அப்படி நிற்க வைத்து, ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டிக் கை தட்டச் சொல்வான்.

"நல்லாத்தான் இறங்கியிருக்காங்க. சுத்தமா ரெண்டு நிமிசம்" என்றான்.

சாமியப்பன் தலையை அவன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"நெசமா வந்துதுன்னா நம்மள ஆரு தூக்குவாங்க?"

சதீஷ் வாயைத் திறந்தான். ப்ளானில் பதினோரு பக்கம் இருந்தது. சைரன் எங்கே, தீயணைப்பான் எங்கே, யார் கதவைத் திறப்பது, யார் தலையை எண்ணுவது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டினான். தூக்குவது என்று ஒரு வரிகூட இல்லை.

"அது... அவிய வருவாங்க."

"வரக்கூடாதுன்னு எழுதியிருக்குதாமே? அந்தப் புள்ளைய செக்யூரிட்டி அதைச் சொல்லித்தான் பிடிச்சு இழுத்தாராம்."

சதீஷ் மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். கட்டிலில் இருந்து கதவு பத்தடிதான். எழுந்து பார்க்கலாமா என்று கையை ஊன்றினான். கால் அசைந்ததும் வலி உச்சிக்கு ஏறியது. அப்படியே சாய்ந்துகொண்டான்.

"நான் படுத்திருந்தப்ப" என்றார் சாமியப்பன், "கறுப்பா புகை வந்துச்சு தம்பி. கையில ரெண்டு ஊசி. எந்திரிச்சா ரத்தம் பீச்சும்னு தெரியும். படிக்கட்டுல செருப்புச் சத்தம் ஏறி வந்துது பாருங்க, எல்லாரும் இறங்குறப்ப ஒரே ஒரு சத்தம் மட்டும் ஏறி வந்துது. அப்பத்தான் இனி இருப்போம்னு நெனச்சேன்."

சதீஷின் கண் அணைந்து கிடந்த ட்ரிப்ஸ் மெஷினுக்குப் போனது.

துணி அறைக்கதவு திறந்து நிர்மலா எட்டிப்பார்த்தாள். "அஞ்சு நிமிசமுங்க சார். முடிஞ்சுது."

முதலில் சாமியப்பனின் ஆக்சிஜனைப் பார்த்தாள். பிறகு சதீஷின் ட்ரிப்ஸ் மெஷினை மறுபடி போட்டாள். கொஞ்சம் கழித்து இந்துமதி வந்தாள். திட்டுவாள் என்று சதீஷ் எதிர்பார்த்தான். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"அண்ணி, அந்த ஃபைலைக் கொண்டாங்க."

நாலாவது பக்கத்தில் அவன் விரல் நின்றது. இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறை வாய்விட்டே படித்தான்.

'சைரன் ஒலித்ததும் நர்ஸ் தன் மெஷினை ஆஃப் செய்துவிட்டு, கையில் இருக்கும் பீஸை அப்படியே விட்டுவிட்டு, மூன்று நிமிடத்தில் கீழே வர வேண்டும்.'

"பீஸா?" என்றாள் இந்துமதி.

"கம்பெனி ஃபைலுங்கண்ணி. தைக்கற துணியைத்தான் பீஸ்ங்கறது. டெய்லர்னு இருந்த எடத்துல எல்லாம் நர்சுன்னு கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்தினேன். இதைப் பாக்கவே இல்ல." அவன் ஃபைலை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். "மூணு வருசமாச் சுவத்துல தொங்குது. ஒருத்தரும் படிக்கல, நானும் படிக்கல."

"ஒருத்தி படிச்சிருக்கறா" என்றாள் இந்துமதி. "படிச்சு, அப்படியே செஞ்சிருக்கறா."

* * *

மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு சதீஷ் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனுக்குப் போன் போட்டான். எடுத்தது கண்ணம்மாள். பதினைந்து வருடமாக சாம்பிள் தைப்பவள்.

"கண்ணம்மாக்கா, ஆறடி நீளத்துக்கு ஒரு விரிப்பு வேணும். ஆளைப் படுக்க வச்சு, கட்டி, தரையில இழுத்துட்டுப் போற மாதிரி. ரெண்டு பக்கமும் பிடி வேணும். லாட்டுல மிச்சம் கெடக்கற துணியில அடிச்சுக் குடுங்க."

"பனியன் துணியிலயாங்க சார்?" கண்ணம்மாள் சிரித்தாள். "ஆளை வச்சு இழுத்தாத் தொட்டிலாட்டம் தொங்கிப்போயிருமுங்க. ஸ்கூல் பேக் தைக்கற கான்வாஸ் துணியும், தோள்ல மாட்டற பெல்ட்டும் வேணும். பக்கத்து யூனிட்டுல கேட்டு வாங்கிக்கறேன். எடை எத்தனை சார்?"

"எண்பத்திரண்டு."

"ஆருங்க அது அவ்வளவு பெரிய ஆளு?"

"நான்தான்."

"ஐயோ, அப்ப ரெண்டு தையல் சேத்துப் போடறனுங்க."

* * *

நாலு மணி மீட்டிங்கில் மேசைக்கு அந்தப் பக்கம் மகுடேஸ்வரனும் பங்குதாரர்களான இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்ரியா கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் மகுடேஸ்வரன்.

"இல்லீங்க. அதுக்குப் பதிலா இதைக் கொண்டாந்திருக்கறேன்." இந்துமதி, அனுப்ரியா எழுதிக் கொடுத்த தாளை வைத்தாள். பக்கத்தில் ப்ளானின் நாலாவது பக்கத்தை வைத்தாள். "ரெண்டையும் ஒட்டுக்கா வச்சுப் படிங்க. அந்தப் புள்ள செஞ்சதுல முதல் மூணும் ப்ளான்ல இருக்கறது. மெஷினை நிறுத்துச்சு, விட்டுப்போட்டு வந்துச்சு, வரிசைல நின்னுச்சு. ப்ளானை மீறி அது செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். திரும்பி மேல போச்சு. அதனாலதான் சாமியப்பன் ஐயா இருக்கறார்."

"படிச்ச புள்ளதானே? பேஷண்ட்டை விடக்கூடாதுன்னு அதுக்கே தெரியாதா?"

"தெரியும். அதனாலதானுங்க திரும்பி ஓடுச்சு. ஆனா சேர்ந்த மொத நாள்ல இருந்து நாம சொல்லிக் குடுத்தது வேற. இந்தப் புள்ளைய அனுப்பிப்போட்டு நாளைக்கு வேற ஒருத்தியைச் சேத்தா, அவளும் இதே பேப்பரைத்தான் படிப்பா. அடுத்த வாட்டி திரும்பி ஓடுவாளான்னு ஆருக்குத் தெரியும்?"

மகுடேஸ்வரன் பேனாவை உருட்டினார். "இந்து, கம்ப்ளைண்ட் குடுத்த அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லோணும். ஆர் மேலயாவது ஆக்‌ஷன் எடுக்காம..."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நிர்மலா தள்ளிக்கொண்டு வர, சக்கர நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு சதீஷ் உள்ளே வந்தான்.

"எடுக்கறதுன்னா என் மேல எடுங்கண்ணா."

"நீ எதுக்குடா கட்டிலை விட்டு எந்திரிச்சே?"

"அந்த ப்ளான் கம்பெனி ப்ளானுங்க. அப்படியே காப்பி அடிச்சேன். கம்பெனில எல்லாத்துக்கும் கால் இருக்குது, ஓடுவாங்க. இங்க ஓடமுடியாதவியதான் வந்து படுக்கறாங்க. அதை நான் யோசிக்கல."

"நீ கம்பெனி ஆளா, ஆஸ்பத்திரி ஆளா?"

"இன்னிக்கு பேஷண்ட்டுங்கண்ணா. கத்திக் கூப்பிட்டேன், ஒருத்தரும் வரல. வரக்கூடாதுன்னு எழுதுனதே நான்தான்."

மூத்த டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ப்ளானைக் கையில் எடுத்தார். நாலாவது பக்கத்தைப் படித்தவுடன் அவர் முகம் மாறியது. இளைய டாக்டரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், வேற வழி என்ன வச்சிருக்கறீங்க?" என்றார் மூத்தவர்.

இந்துமதி இதற்குத்தான் காத்திருந்தாள்.

"படியில இறக்கறது கடைசியாத்தானுங்க சார். மொதல்ல அதே மாடியிலயே தள்ளி வைக்கோணும். ரெண்டாவது மாடில நடுவுல ஒரு தீக்கதவு இருக்குது, சாத்துனா ஒரு மணி நேரம் நெருப்பும் புகையும் தாண்டாது. மேற்குப் பாதில தீ வந்தா பேஷண்ட்டுகளைக் கிழக்குப் பாதிக்கு இழுத்துட்டுப் போயிக் கதவைச் சாத்திக்கலாம். கிழக்குப் பாதி இன்னும் கட்டில் போடாம சும்மாதானே கெடக்குது."

மகுடேஸ்வரன் இருமினார். "அங்க பெயிண்ட் வேலை பாக்கி இருக்குது."

"ஆள் உயிரோட இருந்தா பெயிண்ட் வாசம் பொறுத்துக்குவாங்க" என்றார் மூத்த டாக்டர்.

பிறகு இந்துமதி கைப்பையில் இருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள். உள்ளே ஸ்கேல் வைத்து மூன்று கோடு போட்டிருந்தாள். என்ன ஆபத்து, யார் பொறுப்பு, எப்போதைக்குள்.

"இனி ஆளைத் தேட வேண்டாமுங்க. ஓட்டையைத் தேடி இதுல எழுதலாம். ஆர் பார்த்தாலும் எழுதலாம். எழுதுனவியளைத் திட்டக்கூடாது."

"எழுதுன பேரைக் கோடு போட்டு அடிக்கவும் கூடாது" என்று சேர்த்தார் மூத்த டாக்டர். "வேலை முடிஞ்சாத்தான் அடிக்கணும். என்னங்க மகுடேஸ்வரன்?"

மகுடேஸ்வரன் தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். டாக்டர்களும் போட்டார்கள்.

இந்துமதி அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து மேசைக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் போட்டாள். கதவைத் திறந்தாள்.

"அனுப்ரியா, அஞ்சரைக்கு ரெண்டாவது மாடிக்கு வா கண்ணு. உனக்கு ஒரு பெரிய பேஷண்ட் இருக்கறார். இழுக்கோணும்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். அழவில்லை. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

* * *

கம்பெனி வேனில் கண்ணம்மாள் கொடுத்தனுப்பிய விரிப்பு வந்து சேர்ந்தது. நீலக் கான்வாஸ், மூன்று பெல்ட், நாலு பிடி. பிடிகளுக்குச் சிவப்பு நூலில் இரட்டைத் தையல்.

"மொதல்ல ஆர்?" என்றாள் நிர்மலா.

"ப்ளான் போட்டவர்தான்" என்றார் சாமியப்பன் கட்டிலில் இருந்தபடியே.

எலும்பு டாக்டர் வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, மெதுவாக இழுத்தால் சரி என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார். சதீஷை விரிப்பில் இறக்கி, காலுக்குத் தலையணை வைத்து, பெல்ட்டை மாட்டினார்கள். தலைப்பக்கம் அனுப்ரியாவும் இன்னொரு நர்ஸும் பிடித்தார்கள். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தாலும் சதீஷைவிடப் பத்துக் கிலோதான் அதிகம் இருப்பார்கள்.

"நாப்பத்தஞ்சு கிலோப் புள்ளைக. இவியளால ஆகுமாங்கண்ணி?"

"பேசாமப் படுங்க. நீங்க பேஷண்ட்டு."

"இழு கண்ணு!" என்றார் சாமியப்பன்.

விரிப்பு சர்ரென்று டைல்ஸில் போனது. யாருமே அவ்வளவு சுலபமாகப் போகும் என்று நினைக்கவில்லை. வார்டில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து கை தட்டினார்கள். சதீஷ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். காரிடார் முழுவதும் தாண்டி நடுக்கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது நிர்மலா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு செகண்ட்!"

அனுப்ரியாவின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அவள் கதவைத் தோளால் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

இன்னொரு முறை தள்ளினாள். இந்துமதி வந்து கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். உள்பக்கம் சங்கிலியோடு பூட்டு கிணுகிணுத்தது. கிழக்குப் பாதிக்குப் பின்பக்கமாகத் தனி லிஃப்ட் உண்டு. அந்த வழியாகப் போய் யாரோ உள்ளேயிருந்து பூட்டியிருக்கிறார்கள். கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் உள்ளே இருந்து பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. கீழே இருந்த சின்னக் கண்ணாடியில் மட்டும் ஒட்டவில்லை. அது நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

தரையில் கிடக்கிறவன் கண்ணுக்குத் தெரியும்.

"அண்ணி" என்றான் சதீஷ். குரல் மாறியிருந்தது. "உள்ள பெட்டி அடுக்கியிருக்குது. கூரை வரைக்கும்."

"என்ன பெட்டி?"

"நம்ம பெட்டி. அட்டை மேல நான் ஒட்டுன இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் இருக்குது." கழுத்தைத் திருப்பி இன்னும் உற்றுப் பார்த்தான். "இந்த லாட் சரக்கு போன மாசமே கப்பல் ஏறிப்போச்சுன்னு அண்ணன் சொன்னாரே. இங்க எப்படி வந்துது?"

இந்துமதி போனை எடுத்தாள்.

"ஏனுங்க, ரெண்டாவது மாடி நடுக்கதவுச் சாவி உங்ககிட்டயா இருக்குது?"

அந்தப் பக்கம் மகுடேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"இந்து, அதை ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

"பெட்டி எதுக்கு இங்க இருக்குதுன்னு ஊட்ல பேசிக்கலாமுங்க. கதவு இன்னிக்குத் தெறக்கோணும்."

"உனக்குப் புரியாது. ஒரு வாரம் டைம் குடு."

"மூணு நிமிசம்னு எழுதி ஒட்டுனது நம்ம குடும்பந்தானுங்க."

"நோட்டுல எதும் எழுதிப்போடாத இந்து."

இந்துமதி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டுப் படித்தாள்.

"எண் ஒண்ணு. நடுக்கதவு பூட்டியிருக்குது, உள்ள அட்டைப்பெட்டி. பொறுப்பு, மகுடேஸ்வரன். எப்போதைக்குள், இன்னிக்கு."

"அழிச்சுப்போடு."

"பேனாலதானுங்க எழுதியிருக்கறேன்."

போனை வைத்தாள். நர்ஸ்கள் உட்காரும் ஸ்டூல் ஒன்றை இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நோட்டை மடியில் திறந்தே வைத்துக்கொண்டாள். டூட்டி முடிந்தவர்களைப் போகச் சொன்னாள். அனுப்ரியா மட்டும் போகவில்லை. விரிப்பின் பிடியை விடாமல் நின்றாள்.

கீழே போர்டிகோவில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, என்னையக் கட்டிலுக்குக் கொண்டுபோயிருங்க. அண்ணன் வர்றார்" என்றான் சதீஷ்.

"சித்தெ நேரம் இருங்க தம்பி" என்றாள் இந்துமதி. "கதவு பூட்டியிருந்தா பேஷண்ட்டு எங்க கெடப்பார்னு அவரும் ஒருக்காப் பாக்கட்டும்."